ஆஃப் சீசன் கடல்: ஸ்நார்கெலிங்கா, ஸ்கூபாவா, வேறு கரையா?

விடுமுறை கிடைக்கும் மாதமும் கடல் அடங்கியிருக்கும் மாதமும் பலருக்கு ஒத்துவருவதில்லை. விமானக் கட்டணமும் விடுதி வாடகையும் இறங்கியிருக்கிறதே என்று டிக்கெட் எடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் "அந்த மாதத்தில் கடலுக்குள் இறங்க முடியுமா, ஸ்கூபாவுக்கு (காற்று உருளையோடு ஆழத்தில் மூழ்கிப் பார்ப்பது) முன்பணம் கட்டலாமா, ஸ்நார்கெலிங்கோடு (கண்ணாடி மாஸ்க்கும் மூச்சுக்குழாயுமாக மேலே மிதந்து பார்ப்பது) நிறுத்திக்கொள்வதா" என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அப்படிக் கேட்பவர்கள் பலரின் மனத்தில் ஒரு கணக்கு முன்கூட்டியே இருக்கிறது: கடல் சரியில்லாத காலத்தில் ஸ்கூபா ஆபத்தானது, ஸ்நார்கெலிங் பாதுகாப்பானது, ஆகவே சின்னதோடு திருப்திப்பட்டுக்கொள்ளலாம் என்பது அது. இந்தக் கணக்கு பல நேரங்களில் தலைகீழாகவே முடிகிறது. ஸ்நார்கெலிங் செய்பவர் கடலின் மிக மோசமான அடுக்கில், அதாவது காற்றும் அலையும் மழைநீரும் வந்து சேரும் மேல் ஒரு மீட்டரில், முழு நேரமும் மிதக்கிறார். ஸ்கூபா செய்பவர் அந்த அடுக்கைக் கடந்து கீழே போய்விடுகிறார். பணக் கணக்கோ எதிர்த்திசையில் ஓடுகிறது. கடல் கைவிட்டால் ஸ்நார்கெலிங்கில் போவது சொற்பம், ஸ்கூபாவில் போவது பெரிய தொகை. இவ்விரண்டையும் தனித்தனியே எடைபோட்ட பிறகே முன்பணம் கட்டுவது நல்லது.

## எதனால் அது ஆஃப் சீசன்?

சீசன் இல்லை என்று சொல்வதற்கு ஐந்தாறு வெவ்வேறு காரணங்கள் உண்டு. காரணம் மாறினால் விடையும் மாறிவிடும் என்பதால், எதையும் ஒப்பிடுவதற்கு முன்பு இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது காற்று. பருவக்காற்று வீசும் நாடுகளில் ஒரு கரை கொந்தளிக்கும்போது எதிர்க்கரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். இலங்கையின் ஹிக்கடுவை போன்ற தென்மேற்குக் கரைகளுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். அதே தீவின் திருகோணமலை, பாசிக்குடா போன்ற கிழக்குக் கரைகளுக்கு மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். தாய்லாந்தின் அந்தமான் கடல் பக்கத்தில் உள்ள சிமிலன் தீவுகளின் தேசியப் பூங்கா ஏறத்தாழ மே நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை மூடப்பட்டிருக்கும். ஆனால் வளைகுடாப் பக்கத்தில் உள்ள கோ தாவ் தீவில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் படகுகள் ஓடிக்கொண்டிருக்கும். மலேசியாவின் கிழக்குக் கரையோரத் தீவுகளான பெர்ஹெந்தியானிலும் ரெடாங்கிலும் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலான விடுதிகளே மூடிவிடும்.

இரண்டாவது மழை. மழை பெய்வதால் மட்டும் கடலுக்கு அடியில் காட்சி கெடுவதில்லை. ஆறு கொண்டுவரும் வண்டல்தான் கெடுக்கிறது. ஆறே இல்லாத மாலத்தீவின் பவளத் தீவுகளில் ஒரு நாள் கனமழைக்குப் பின்னும் தண்ணீர் சீக்கிரம் தெளிந்துவிடும். பெரிய ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகில் உள்ள கரையோ வெயில் அடித்த பிறகும் பல நாட்கள் கலங்கியே கிடக்கும்.

மூன்றாவது குளிர். செங்கடலின் வடபகுதியில் குளிர்காலத்தில் நீரின் வெப்பம் 21 அல்லது 22 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். நீரின் தெளிவு அப்படியே இருக்கும். 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள நீர் உடையைப் போட்டுக்கொண்டால் தீரக்கூடிய சிக்கல் இது. நான்காவது புயல். அட்லாண்டிக்கில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம் என்று குறிக்கப்பட்டாலும், கரீபியனில் அந்த மாதங்களின் பெரும்பாலான நாட்கள் அமைதியாகவே கழியும். ஒரு புயல் வந்தால் மட்டும் பயணம் முழுவதும் கையைவிட்டுப் போகும். தெற்கே ஒதுங்கியிருக்கும் பொனேர், குராசாவ் தீவுகளைப் புயல்கள் அரிதாகவே தொடுகின்றன. ஐந்தாவது உயிரினங்கள். ஆஸ்திரேலியாவின் வட குயின்ஸ்லாந்துக் கரையில் ஏறத்தாழ நவம்பர் முதல் மே வரை நச்சுச் சொறிமீன்கள் வருவதால், அந்தக் காலத்தில் உடல் முழுவதையும் மூடும் மெல்லிய உடையோடுதான் நீரில் இறங்கச் சொல்வார்கள். கடைசியாக, பள்ளி விடுமுறை இல்லை என்பதால் மட்டுமே கூட்டம் குறைந்திருக்கும் மாதங்களும் உண்டு. உங்கள் தேதி அப்படிப்பட்ட மாதத்தில் விழுந்திருந்தால், மேற்கொண்டு யோசிக்காமல் போய் வரலாம்.

## எந்த அளவுகோல்களை வைத்து ஒப்பிடுவது

ஒவ்வொரு வழியையும் ஐந்து கேள்விகளால் அளக்கிறேன். நீர் எவ்வளவு தூரம் தெளிவாக இருக்கும்? நீங்கள் இருக்கப்போகும் ஆழத்தில் நீர் எவ்வளவு அசையும்? படகு புறப்படும் வாய்ப்பு எவ்வளவு? புறப்படாவிட்டால் பணம் திரும்புமா? உங்கள் உடலும் நீச்சலும் அதற்குத் தயாரா? இவற்றில் இரண்டாவது கேள்விக்குத்தான் மிகக் குறைவாகக் கவனம் கிடைக்கிறது என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வானிலைச் செயலியில் அலையின் உயரத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பது பெரும் தவறு. உயரத்துக்குப் பக்கத்திலேயே வினாடிக் கணக்கில் ஓர் எண் இருக்கும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான நேரம் அது. ஆழ்கடலில் அந்த வினாடியை அதே எண்ணால் பெருக்கி, விடையை மறுபடியும் 1.56ஆல் பெருக்கினால் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். அந்த நீளத்தில் பாதி ஆழம் வரைதான் அலையின் அசைவு இறங்கும். 4 வினாடிக்கு ஒருமுறை வரும் அலையின் நீளம் 25 மீட்டர், அது அசைக்கும் ஆழம் சுமார் 12 மீட்டர். 12 வினாடிக்கு ஒருமுறை வரும் அலையின் நீளமோ 225 மீட்டர், அசைவு 100 மீட்டருக்கும் கீழே போகும். இரண்டுமே 1 மீட்டர் உயரம் என்றுதான் செயலி காட்டும். முதலாவது உள்ளூர்க் காற்று எழுப்பிய அலை. மேலே மிதப்பவரின் குழாய்க்குள் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருக்கும், 10 மீட்டர் ஆழத்தில் இருப்பவருக்கோ தெரியவே தெரியாது. இரண்டாவது தொலைதூரப் புயல் அனுப்பிய அலை. மேலே இருப்பவரை மெல்லத் தாலாட்டும், கீழே இருப்பவரைப் பாறைக்கும் மணலுக்குமாக இழுத்து இழுத்து விடும். குறுகிய அலை உள்ள நாளில் ஸ்கூபாவும், நெடிய அலை உள்ள நாளில் பவளத்திட்டுக்கு உட்புறம் மறைவாக இருக்கும் உள்கடலில் ஸ்நார்கெலிங்கும் பொருந்துவது இதனால்தான்.

## வழி ஒன்று: கரையிலிருந்து நடந்துபோய் ஸ்நார்கெலிங்

பணமும் நாளும் மிகக் குறைவாகக் கேட்கும் வழி இது. காலையில் எழுந்து கடலைப் பார்த்து, அப்போதே முடிவெடுக்கலாம். வேண்டாம் என்று தோன்றினால் எதுவும் கெட்டுப்போவதில்லை. பவளத்திட்டு அரண்போல் நிற்கும் உள்கடலோ, காற்றுக்கு மறைவான ஒரு சிறு விரிகுடாவோ விடுதிக்குப் பக்கத்தில் இருந்தால், ஆஃப் சீசனில்கூட வாரத்தில் சில காலைகளாவது கிடைத்துவிடும். பகல் காற்று கிளம்புவதற்கு முந்தைய அதிகாலை மணிகளும், வெளிக்கடலின் தெளிந்த நீர் உள்ளே வந்து நிறையும், கடல் மட்டம் ஏறும் நேரமும் சேர்ந்து அமையும் நாளைத் தேர்ந்தெடுங்கள். கடல் மட்டம் இறங்கத் தொடங்கிவிட்டால் உள்ளே கலங்கிய நீரே வெளியேறும். திட்டின் இடைவெளிகளில் வெளிநோக்கிய இழுப்பும் கூடும்.

மறைவான செலவுகள் பணமாக இருப்பதில்லை. கூட்டம் இல்லாத கரையில் உயிர்காப்பாளரும் இல்லாமல் போகலாம். ஹவாயில் சுற்றுலாப் பயணிகள் கடலில் மூழ்கி இறப்பதற்கான முதன்மைக் காரணங்களுள் ஸ்நார்கெலிங்கும் ஒன்று. மிதந்துகொண்டு பார்ப்பதுதானே என்று இதை எளிதாக எடுத்துக்கொள்வது தகாது. சிக்கலில் இருப்பவர் முகத்தைக் கவிழ்த்து அசையாமல் கிடப்பார். ரசித்துப் பார்ப்பவரும் அப்படித்தான் கிடப்பார். கரையில் இருப்பவர் கண்ணுக்கு இருவரும் ஒன்று. ஆகவே இன்னொருவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் இறங்கக் கூடாது. வெளிநோக்கி இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாக நீந்தி அதன் அகலத்தைக் கடக்க வேண்டும்.

வாடகை மாஸ்க் இன்னொரு தொல்லை. சீசன் முடிந்து மூட்டைகட்டி வைத்த மாஸ்க்கின் சிலிக்கோன் ஓரம் விறைத்துப்போயிருக்கலாம். பட்டையைத் தலைக்கு மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை உள்ளிழுத்துவிட்டுக் கையை எடுங்கள். அது விழாமல் முகத்தோடு ஒட்டி நின்றால் உங்களுக்குப் பொருந்தும். ஒரு முடி உள்ளே மாட்டியிருந்தாலும் நீர் கசியும். மீசை அடர்த்தியாக உள்ளவர்களுக்கு மூக்கின் அடியில் கசியும். மாஸ்க் ஒன்றை மட்டும் சொந்தமாக வாங்கி எடுத்துப்போவது நான் யாருக்கும் தயங்காமல் சொல்லும் அறிவுரை. முகம் முழுவதையும் மூடும் வகையை நான் பரிந்துரைப்பதில்லை. நீர் புகுந்துவிட்டால் வாயிலிருந்து குழாயைத் துப்பிவிட்டு உடனே மூச்சு வாங்குவது அதில் முடியாது.

சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள், இரண்டு மூன்று நாட்கள் மட்டுமே தங்குகிறவர்கள், கடல் பயணத்தின் ஒரு பகுதி மட்டும்தான் என்று நினைப்பவர்கள் ஆகியோருக்கு ஆஃப் சீசனில் இதுவே சிறந்த வழி.

## வழி இரண்டு: படகில் போய் ஸ்நார்கெலிங்

ஆஃப் சீசனில் நான் கடைசி இடத்தில் வைக்கும் வழி இது. படகுக்கான கட்டணம் முழுதாகப் போகிறது. பார்க்கும் இடம் கரையைவிடத் திறந்த வெளியில் இருக்கிறது. இருக்கும் அடுக்கோ அதே மேல் ஒரு மீட்டர். நங்கூரமிட்ட படகு ஆடும் ஆட்டத்தில் பாதிப் பேருக்குக் குமட்டல் தொடங்கிவிடும். வாந்தித் தடுப்பு மாத்திரையைப் படகு ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை. ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். அதிலும் சில மாத்திரைகள் தூக்கக் கலக்கத்தைக் கொடுக்கும்.

இரண்டு நாள் மழைக்குப் பிறகு இப்படி ஒரு படகில் போயிருக்கிறேன். முகத்தை நீருக்குள் வைத்துக் கையை நீட்டினால் முழங்கைக்கு மேல் பச்சையாக மங்கியது. என் கால் துடுப்புகள் இரண்டும் மஞ்சள் கறைகளாகத்தான் தெரிந்தன. நாற்பது நிமிடம் மிதந்து ஒரு மீனைக்கூடப் பார்க்காமல் ஏறினோம். மறுநாள் அதே நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்கூபா உடையில் இறங்கினேன். கயிற்றில் ஆளுயரத்துக்கு ஒரு முடிச்சு இருந்தது. மூன்றாவது முடிச்சு வரை அதே பச்சைக் கூழ். நான்காவது முடிச்சில் தோலில் படும் நீர் சட்டென்று மாறியது. ஐந்தாவதில் கயிற்றின் மேல் வளர்ந்திருந்த பாசியின் இழைகள் தனித்தனியாகத் தெரிந்தன. கீழே மணலில் சாய்ந்து கிடந்த நங்கூரம், அதன் சங்கிலி, சங்கிலிக்கடியில் ஒதுங்கியிருந்த ஒரு சிறு மீன் வரை முழுதாகத் தெரிந்தது. மழைநீர் உப்புநீரைவிட இலேசானது என்பதால் கலங்கிய நீர் மேலே ஒரு போர்வையாக மிதந்துகொண்டிருந்தது. எல்லா இடத்திலும் இப்படி அமையாது. அடிமணலையே கிளப்பிவிடும் நெடிய அலை உள்ள நாளில் கீழேதான் கலங்கல் அதிகம்.

இந்த வழிக்கு ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. மாலத்தீவின் பா அட்டோல் என்ற பவளத் தீவு வளையத்தில் உள்ள ஹனிஃபாரு விரிகுடாவுக்கு மாண்டா திருக்கைகள் கூட்டமாக வருவது, மற்றவர்கள் ஆஃப் சீசன் என்று ஒதுக்கும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஏறத்தாழ ஜூன் முதல் நவம்பர் வரை. அங்கே ஸ்கூபாவுக்கு அனுமதியே இல்லை, ஸ்நார்கெலிங் மட்டும்தான். நீரைக் கலங்கலாக்கும் மிதவை நுண்ணுயிர்களைத் தின்னவே அவை வருகின்றன. கலங்கல் இல்லாவிட்டால் மாண்டாவும் இல்லை. இப்படிக் குறிப்பிட்ட ஓர் உயிரினத்துக்காகப் போகிறவர்கள் சுற்றுலா நாட்காட்டியைப் பார்க்காமல் அந்த உயிரினத்தின் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும்.

## வழி மூன்று: ஒரு நாள் அறிமுக ஸ்கூபா

சான்றிதழ் இல்லாதவர்களைப் பயிற்றுநர் ஒருவர் கூடவே இருந்து அழைத்துப்போகும் ஏற்பாடு இது. பெரிய ஸ்கூபா பயிற்சி அமைப்பான பாடியின் (PADI) விதிப்படி 10 வயது நிறைந்திருக்க வேண்டும்; 12 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது; திறந்த கடலில் ஒரு பயிற்றுநருக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. சீசனில் அந்த நான்கும் நிறைந்திருக்கும். ஆஃப் சீசனில் பயிற்றுநர் உங்களோடு மட்டுமே இறங்கும் வாய்ப்பு கிடைக்கும். முதன்முதலாக ரெகுலேட்டரை (உருளையிலிருந்து மூச்சுக் காற்றைத் தரும் வாய்க்கருவி) கடித்துக்கொண்டு தலையை நீருக்குள் அமிழ்த்தும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

ஆனால் முதல் பாடம் எங்கே நடக்கும் என்று கேளுங்கள். மாஸ்க்கில் புகுந்த நீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவதையும், வாயிலிருந்து நழுவிய ரெகுலேட்டரை மீண்டும் எடுப்பதையும் இடுப்பளவு நீரில்தான் கற்பிப்பார்கள். அமைதியான கடலில் கரையே அதற்குப் போதும். அலை உடையும் கரையில் நின்று தள்ளாடிக்கொண்டே கற்றுக்கொண்டால் பயம் மட்டுமே மிஞ்சும். நீச்சல் குளம் உள்ள மையமாக இருந்தால் ஒத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் காற்று அடங்கும் நாளுக்குக் காத்திருங்கள்.

உடல்நலப் படிவம் பலரின் நாளைக் கெடுக்கிறது. ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு போன்றவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு "ஆம்" என்று எழுதினாலும் மருத்துவரின் ஒப்புதல் தேவைப்படும். கர்ப்பிணிகள் ஸ்கூபா செய்யவே கூடாது. தீவில் போய் இறங்கியபின் மருத்துவரைத் தேடுவதைவிட, படிவத்தை முன்கூட்டியே வாங்கி, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் கையெழுத்துப் பெற்றுக்கொண்டு போவது நல்லது. "இல்லை என்றே எழுதிவிடுங்கள், ஒன்றும் ஆகாது" என்று சொல்லும் மையத்தில் தயவுசெய்து இறங்காதீர்கள். மழை மாதங்களில் சளி பிடிப்பதும் சாதாரணம். நீரின் மேலிருந்து 10 மீட்டர் இறங்குவதற்குள் அழுத்தம் இரட்டிப்பாகிறது. மூக்கடைப்போடு இறங்கினால் காதுக்குள் அந்த அழுத்தத்தைச் சமன் செய்ய முடியாது. மூக்கடைப்பு நீக்கும் மருந்தைப் போட்டுக்கொண்டு இறங்கி, அதன் வேகம் கீழேயே தணிந்துவிட்டால் ஏறும்போது வலி கடுமையாக இருக்கும். சளி இருந்தால் அந்த நாள் போயிற்று என்று ஏற்றுக்கொள்வதே சரி.

பணத்தைப் பொறுத்தவரை, விளம்பரத் தொகைக்கு வெளியே பூங்கா நுழைவு, கருவி வாடகை, புகைப்படம், படகுத்துறை வரையிலான வண்டி ஆகியவை தனித்தனியே சேர்வதுண்டு. வானிலை நன்றாக இருந்தும் குறைந்தபட்ச ஆட்கள் சேராததால் படகு புறப்படாத நாட்களும் ஆஃப் சீசனுக்கே உரியவை. என் அனுபவத்தில், கண்ணாடிபோல் கடல் கிடந்த ஒரு காலையில், மூன்று பேர் மட்டுமே வந்தோம் என்பதற்காகப் பயணம் ரத்தானது. பணத்துக்குப் பதிலாக ஓராண்டுக்குள் பயன்படுத்த வேண்டிய சீட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். அந்த ஓராண்டில் நான் அந்தப் பக்கம் போகவே இல்லை.

வாழ்நாளில் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் உள்ளவர்களுக்கும், குறைந்தது ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்க முடிந்தவர்களுக்கும் இந்த வழி பொருந்தும்.

## வழி நான்கு: சான்றிதழ்ப் பயிற்சி

அடிப்படைச் சான்றிதழுக்கு வகுப்பு, குளப் பயிற்சி, கடலில் நான்கு இறக்கங்கள் என மூன்று முதல் நான்கு நாட்கள் வேண்டும். 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். முடித்தால் 18 மீட்டர் வரை இறங்கலாம். ஐந்தாறு நாள் விடுமுறையில் இதை ஆஃப் சீசனில் முழுதாகத் தொடங்குவதுதான் இருக்கும் வழிகளிலேயே மோசமான சூதாட்டம். கடல் இரண்டு நாள் மூடிக்கொண்டால் பயிற்சி அரைகுறையாக நிற்கும். "எப்படியாவது முடித்துவிடலாம்" என்ற நெருக்கடி பயிற்றுநருக்கும் உங்களுக்கும் ஒரே நேரத்தில் வரும். இறங்கக் கூடாத நாளில் இறங்கத் தூண்டுவது அந்த நெருக்கடிதான்.

அதே பயிற்சியை இரண்டாகப் பிரித்தால் நிலைமை முற்றிலும் மாறுகிறது. பாடங்களையும் குளப் பயிற்சியையும் புறப்படுவதற்கு முன்பு சொந்த ஊரிலேயே முடித்து, அதற்கான பரிந்துரைச் சான்றை எடுத்துக்கொண்டு போனால், கடலில் மீதி இருப்பது நான்கு இறக்கங்கள், அதாவது இரண்டு நாட்கள். அந்தச் சான்று 12 மாதம் செல்லும் என்பதால், இந்த முறை கடல் இடம்கொடுக்காவிட்டால் வேறொரு கடலில் முடித்துக்கொள்ளலாம். இப்படிப் பிரித்துச் செய்யத் தயாராக இருப்பவர்களுக்கு ஆஃப் சீசனின் ஆட்குறைவு பெரும் லாபம். நான்கு இறக்கங்களிலும் பயிற்றுநரின் முழுக் கவனமும் கிடைக்கும்.

ஏற்கெனவே சான்றிதழ் வைத்திருந்து இரண்டு மூன்று ஆண்டுகள் நீரில் இறங்காதவர்கள், முதல் நாளை நினைவூட்டும் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும். தெளிவு குறைந்த நீரில், மிதப்புக் கட்டுப்பாடு மறந்துபோன ஒருவர் பவளத்தின் மேல் உட்கார்ந்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. பாறைபோல் பருத்து வளரும் பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கின்றன. ஒரு முழங்கால் உடைத்ததைக் கடல் மீண்டும் கட்டப் பல பத்தாண்டுகள் ஆகும்.

## வழி ஐந்து: கரையை மாற்றுவது அல்லது தேதியை நகர்த்துவது

டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால், எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும். காற்றுதான் காரணம் என்றால் எதிர்க்கரைக்குப் போவது போதும். அங்கே ஆஃப் சீசன் என்ற பேச்சே எழாது. ஆனால் தரைவழியில் ஒரு நாள் பயணம் கூடும், எதிர்க்கரையில் விடுதி வாடகை சீசன் அளவுக்கு ஏறியிருக்கும், சேமிப்பில் ஒரு பகுதி அங்கேயே கரையும். தேதியை நகர்த்த முடிந்தால், சீசன் தொடங்கும் முதல் இரண்டு வாரங்களைவிட அது முடியும் கடைசி இரண்டு வாரங்களையே நான் தேர்ந்தெடுப்பேன். தொடக்கத்தில் முந்தைய மாதங்களின் வண்டல் இன்னும் படியாமல் இருக்கும், படகுகளும் ஆட்களும் அப்போதுதான் வந்து சேர்ந்துகொண்டிருப்பார்கள். முடிவில் நீர் படிந்து, படகோட்டிகள் அந்தப் பருவத்தின் இடங்களை நன்கு அறிந்திருப்பார்கள். வெப்பம் மிகும் கடைசி வாரங்களில் பவளங்கள் வெளிறியிருக்கலாம் என்பது இதன் குறை. உலகளாவிய நான்காவது பவள வெளிறல் நிகழ்வு நடந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டதால், போகும் இடத்தின் அண்மைய நிலையைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

## ஒரே பார்வையில்

| வழி | ஆஃப் சீசன் எங்கே அடிக்கும் | கடல் மூடினால் இழப்பு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| கரை ஸ்நார்கெலிங் | மேல்நீர் அலை, கலங்கல், காவல் இல்லாமை | ஏறக்குறைய இல்லை | குடும்பங்கள், குறுகிய பயணம், மறைவான உள்கடல் |
| படகு ஸ்நார்கெலிங் | அலை, குமட்டல், திறந்த வெளி | படகுக் கட்டணம் | மாண்டா போன்ற குறிப்பிட்ட உயிரினத்தைத் தேடுவோர் |
| அறிமுக ஸ்கூபா | முதல் பாடம் நடக்கும் கரை, ஆட்குறைவால் ரத்து | ஒரு நாளும் முன்பணமும் | உபரி நாள் உள்ள முதன்முறையாளர் |
| முழுச் சான்றிதழ் | தொடர்ச்சியாக நல்ல நாட்கள் வேண்டும் | பயிற்சி பாதியில் நிற்கும் | நீண்ட விடுமுறை உள்ளவர் மட்டும் |
| பிரித்த சான்றிதழ் | இரண்டு நல்ல நாட்கள் போதும் | குறைவு. வேறிடத்தில் முடிக்கலாம் | முன்கூட்டித் திட்டமிடுவோர் |
| கரை அல்லது தேதி மாற்றம் | அடிக்காது | பயண நேரம், கூடுதல் வாடகை | டிக்கெட் எடுக்காதவர் |

## பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

"இந்த மாதம் கடல் எப்படி?" என்று கேட்டால் எல்லா மையங்களும் "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்லும். "கடந்த ஏழு நாட்களில் எத்தனை நாள் படகு புறப்பட்டது?" என்று கேளுங்கள், எண்ணில் பதில் சொல்லத் தயங்குபவரிடம் முன்பணம் கட்டாதீர்கள். காற்று மாறினால் அழைத்துப்போகும் மறைவான இடம் எது, குறைந்தபட்சம் எத்தனை பேர் சேர வேண்டும், ரத்தானால் திரும்புவது பணமா சீட்டா, படகில் ஆக்ஸிஜன் இருக்கிறதா, ஆழத்திலிருந்து ஏறியபின் வரும் அழுத்த நோய்க்கான சிகிச்சை அறை அருகில் எங்கே, அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும் ஆகியவற்றையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஆஃப் சீசனில் பயணப் படகுகள் குறைந்திருப்பதால் கடைசிக் கேள்வி மற்ற மாதங்களைவிட முக்கியம். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் ஸ்கூபா விலக்கப்பட்டிருக்கும், அல்லது ஒரு குறிப்பிட்ட ஆழத்தைத் தாண்டினால் செல்லாது. அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்துவிட்டு, தேவையானால் தனிக் காப்பீடு எடுங்கள்.

## நாட்களை அடுக்கும் முறை

ஆறு நாள் பயணத்தில் ஸ்கூபாவைக் கடைசி நாட்களுக்குத் தள்ளி வைப்பது வழக்கமாக நடக்கும் பிழை. ஸ்கூபா முடித்தபின் விமானம் ஏறுவதற்கு டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற ஸ்கூபா பாதுகாப்பு அமைப்பு பரிந்துரைக்கும் இடைவெளி, ஒரே ஓர் இறக்கம் என்றால் 12 மணி நேரம், ஒன்றுக்கு மேற்பட்டவை என்றால் 18 மணி நேரம். நான்காம் நாளுக்குப் பதிவு செய்த படகு ரத்தாகி ஐந்தாம் நாளுக்கு நகர்ந்தால், அந்த இடைவெளியும் விமான நேரமும் மோதிக்கொள்ளும். ஆகவே முதல் நாள் வந்து சேர்ந்து மாஸ்க்கைச் சோதித்துப் பார்ப்பது, இரண்டாம் நாளுக்கே ஸ்கூபாவைப் பதிவு செய்வது, மூன்றாம் நான்காம் நாட்களைக் கடல் மறுத்தால் பயன்படுத்தும் உபரியாக வைத்துக்கொள்வது, ஐந்தாம் நாள் ஸ்கூபா கருவியைத் தொடாமல் இருப்பது என்று அடுக்குங்கள். ஆறாம் நாள் நண்பகல் 12 மணிக்கு விமானம் என்றால், மிகத் தவிர்க்க முடியாத நிலையிலும் முந்தைய நாள் மாலை 6 மணிக்குள் கடைசி இறக்கம் முடிந்திருக்க வேண்டும். மேலே மிதந்து பார்க்கும் ஸ்நார்கெலிங்குக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை என்பதால், ஐந்தாம் நாள் அதிகாலையில் காற்று கிளம்புவதற்கு முன் உள்கடலில் ஒரு மணி நேரம் மிதந்துவிட்டு வரலாம். மாஸ்க்கை நல்ல நீரில் அலசி உலர்த்தி மூட்டைகட்ட அதற்குப் பிறகும் ஒரு பகல் முழுவதும் இருக்கும்.